புராஸ்டேட் ஆபரேஷன் செய்யும் மருத்துவர்களுக்கு: மாத்திரை அட்டையோடு நாலு வரி விளக்கமும் கொடுத்தனுப்புங்கள்

தமிழ்நாட்டின் அரசு, தனியார் மருத்துவமனைகளில் புராஸ்டேட் அறுவை செய்யும் சிறுநீரகவியல் மருத்துவர்களுக்கும், அந்த வார்டுகளில் டிஸ்சார்ஜ் தாள் எழுதும் இளம் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

சிறுநீரகவியல் வார்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர் நான். உங்கள் கைத்திறனைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். சிறுநீர் அடைத்து, அடிவயிறு வீங்கி, வலி தாங்காமல் அழுதபடி வந்த பெரியவர்கள் சில நாளில் தாங்களாகவே எழுந்து போய்ச் சிறுநீர் கழித்துவிட்டு, உங்களைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன்.

ஆபரேஷனைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தையும், வீட்டுக்குப் போன பிறகான இரண்டு மூன்று வாரத்தையும் பற்றித்தான் பேச வந்தேன். ஆன்டிபயாடிக்கை அது வேலை செய்யும் நேரத்தில் கொடுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, ரத்தம் வந்தால் என்ன செய்வது என்பதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். இந்த இரண்டில் முதலாவது தவறும்போது தொற்று வருகிறது. இரண்டாவது தவறும்போது சாதாரண ரத்தக்கசிவுகூட உயிர்ப்பயமாகிவிடுகிறது.

ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் தெருவில் எனக்கு 'சிஸ்டர்' என்றுதான் பெயர். ஆபரேஷன் முடித்து வந்தவர்களின் வீட்டார் ஒரு துணிப்பையோடு வந்து நிற்பார்கள். உள்ளே ஸ்கேன் படம், லேப் ரிப்போர்ட், ஆங்கிலத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரை அட்டைகள். ஆன்டிபயாடிக்கில் செஃபிக்சிம் அல்லது சிப்ரோஃப்ளாக்சசின் ஒரு வாரத்துக்கோ பத்து நாளைக்கோ இருக்கும். வலிக்கு ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று. மலமிளக்கி சில தாள்களில் இருக்கும், பலவற்றில் இருக்காது. ரத்தம் வந்தால் என்ன செய்வது என்ற வரியை நான் பார்த்த தாள்களில் அநேகமாகப் பார்த்ததே இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர், தறி ஓட்டியவர். டி.யு.ஆர்.பி., அதாவது சிறுநீர்ப் பாதை வழியாகவே புராஸ்டேட்டைச் செதுக்கி எடுக்கும் ஆபரேஷன், நல்லபடியாக முடிந்து, சிறுநீர் வடிய வைத்த குழாயான கத்தீட்டரை எடுத்து, சிறுநீர் தெளிவாகப் போனதும் வீட்டுக்கு வந்தார். இரண்டாவது வாரம் முடியும் சமயத்தில் மலச்சிக்கல். கழிவறையில் உட்கார்ந்து முக்கியிருக்கிறார். அன்று சாயங்காலம் சிறுநீரில் ரத்தம். வீட்டில் பயந்துபோய் மருந்துக் கடைக்கு ஓடினார்கள். "அதே ஆன்டிபயாடிக்கை இன்னும் அஞ்சு நாள் குடுங்க, நின்னுடும்" என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். இரவு ரத்தக்கட்டி அடைத்து, ஒரு சொட்டுகூட வெளியேறாமல் துடித்து, விடியற்காலையில் ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். மறுபடி கத்தீட்டர் போட்டு, கட்டிகளைக் கழுவி எடுத்து, ரத்தம் ஏற்றிக் காப்பாற்றினார்கள். அவர் மனைவி பிறகு என்னிடம் கேட்டார்: "இப்படி ஆகும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சாயங்காலமே போயிருப்போமே சிஸ்டர்?"

அந்த அம்மாவின் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

புராஸ்டேட் சுரப்பியை உள்ளிருந்தே செதுக்கி எடுத்த இடம் ஒரு திறந்த புண். சுட்டு அடைத்த ரத்தக்குழாய்களின் மேல் பொருக்குக் கட்டும். அது 10 முதல் 14 நாள் வாக்கில் உதிரும்போது ரத்தம் எட்டிப் பார்ப்பது உங்களுக்குப் புதிதல்ல. பெரும்பாலானவர்களுக்குத் தண்ணீர் குடித்து ஓய்வாக இருந்தாலே தெளிந்துவிடும். சிலருக்கு மட்டும் கட்டி கட்டியாக வந்து அடைக்கும். முக்குவது, கனம் தூக்குவது, டூவீலரில் குழியும் மேடுமான ரோட்டில் போவது, ரத்தத்தை இளக்கும் மாத்திரையை யாரையும் கேட்காமல் திரும்பத் தொடங்குவது, இவைதான் வழக்கமான காரணங்கள். புண்ணில் தொற்று சேர்ந்தாலும் ரத்தக்கசிவுக்கு வாய்ப்பு கூடும். இந்தக் கடைசிக் காரணத்தை மட்டும் பிடித்துக்கொண்டுதான் 'ஆன்டிபயாடிக் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்தமும் வராது' என்ற நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. மருந்துக் கடைக்காரர் சொன்னது அவராகக் கண்டுபிடித்ததில்லை. நம் வார்டுகளிலிருந்து வெளியே போன பழக்கம் அது.

தொற்றைத் தடுப்பதில் ஆன்டிபயாடிக்குக்கு இருக்கும் பலத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அறுவைக்கு முன் சிறுநீரில் கிருமி இல்லாதவர்களிடம் நடந்த 32 ஆய்வுகளை, 4,260 நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த அலசல் 2002இல் வந்தது. டி.யு.ஆர்.பி.க்குப் பிறகு சிறுநீரில் கிருமி சேர்வது 26 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைந்தது. ரத்தத்தில் தொற்று பரவுவது 4.4 சதவீதத்திலிருந்து 0.7 சதவீதமாக இறங்கியது. இவ்வளவு பலன் தரும் மருந்தை யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

ஆனால் அந்தப் பலன் நேரத்தோடு கட்டுண்டது. மருந்து திசுவுக்குள் முதலில் போய் இருக்க வேண்டும், கிருமி பிறகு வர வேண்டும். 1961இலேயே ஜான் பர்க் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் கினி பன்றிகளில் இதைக் காட்டிவிட்டார். கிருமி சேர்ந்து மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்த மருந்தால் பயனில்லை. 1992இல் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி மருத்துவமனை ஒன்றில் பலவகை அறுவை செய்துகொண்ட 2,847 பேரைப் பார்த்தார்கள். கீறலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 0.6 சதவீதம் பேருக்குத்தான் புண்ணில் தொற்று. அதைவிட முன்கூட்டியே பெற்றவர்களில் 3.8 சதவீதம், அறுவைக்குப் பின் தாமதமாகப் பெற்றவர்களில் 3.3 சதவீதம்.

இதைப் படிக்கும்போது எனக்கு வார்டின் காலை நேரம் நினைவுக்கு வருகிறது. ஏழு மணிக்கே ஊசி போட்டு, ஷீட்டில் டிக் செய்து, நோயாளியைப் பச்சை உடையில் உட்கார வைத்திருப்போம். தியேட்டரில் முதல் கேஸ் இழுத்துக்கொண்டு போகும். மூன்றாவது கேஸ் உள்ளே போகும்போது மதியம் ஆகியிருக்கும். காலையில் போட்டது அவ்வளவு நேரம் தாங்குகிற மருந்தா என்று யாரும் கணக்குப் பார்க்க மாட்டோம். ஷீட்டில் 'கொடுத்தாயிற்று' என்று இருக்கும். ஊசியை வார்டில் போடாமல், நோயாளி தியேட்டர் மேஜைக்குப் போகும் நேரத்தில் போடும்படி மாற்றினால் போதும். இதற்குப் புதிய கருவியோ பணமோ தேவையில்லை. ஒரு உத்தரவு போதும். மயக்க மருத்துவரும் தியேட்டர் செவிலியரும் கேஸ் தொடங்குமுன் ஒரு முறை வாய்விட்டுக் கேட்டுக்கொண்டால் அந்த உத்தரவு நிலைக்கும்.

அப்புறம் கல்ச்சர், அதாவது சிறுநீரில் என்ன கிருமி இருக்கிறது என்று லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை. நம் ஊரில் டி.யு.ஆர்.பி.க்கு வருகிறவர்களில் நிறையப் பேர் சிறுநீர் அடைத்து ஏற்கெனவே கத்தீட்டரோடு வருகிறார்கள். காப்பீட்டு ஒப்புதலுக்கும், சர்க்கரை கட்டுக்குள் வருவதற்கும், தியேட்டர் தேதிக்கும் காத்திருக்கும் வாரங்களில் அந்தக் குழாய் உள்ளேயே இருக்கிறது. கத்தீட்டர் இருக்கும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரில் புதிதாகக் கிருமி சேரும். ஒரு மாதத்தில் அநேகமாக எல்லோருக்கும் சேர்ந்துவிடும். இவர்கள்தான் ஆபரேஷன் அன்று இரவு குளிர் நடுக்கத்தோடு ரத்த அழுத்தம் இறங்கிக் கிடப்பவர்கள். இவர்களுக்கு எல்லோருக்கும் போடும் அதே ஊசியைப் போடுவது குருட்டுக் கணக்கு. முந்தைய வாரமே கல்ச்சர் அனுப்பி, எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்று பார்த்து, அதைப் போடுங்கள். குழாய் இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளே இருந்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு அதிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். பையிலிருந்து பிடித்து அனுப்பும் சிறுநீர் பையின் கதையைத்தான் சொல்லும். அவசரத்தில் நாங்களே அப்படி அனுப்பிய வார்டுகள் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கல்ச்சரில் கிருமி வந்தால்கூட ஏழு நாள் மருந்து கொடுத்துவிட்டு ஆபரேஷன் செய்யத் தேவையில்லை. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இப்படிப்பட்ட அறுவைக்கு 30 முதல் 60 நிமிடம் முன் தொடங்கி, ஒன்று அல்லது இரண்டு வேளையோடு நிறுத்தச் சொல்கிறது. அறுவை முடிந்த பிறகு தடுப்பு ஆன்டிபயாடிக்கைத் தொடர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016லேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. டி.யு.ஆர்.பி.யில் ஒரு வேளை போதுமா, இரண்டு மூன்று நாள் வேண்டுமா என்று உங்களுக்குள் விவாதம் இருக்கிறது. கத்தீட்டர் எடுக்கும் நாளில் ஒரு வேளை கொடுக்கலாமா என்பதிலும் இருக்கிறது. அதில் நான் குறுக்கே வரவில்லை. ஆனால் அந்த விவாதத்தில் இருக்கிற எந்தப் பக்கமும் தொற்று இல்லாத ஒருவருக்குப் பத்து நாள் கொடுக்கச் சொல்லவில்லையே. பிறகு ஏன் அந்தத் துணிப்பைகளில் பத்து நாள் அட்டை இருக்கிறது?

பயம்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். வார்டு நெரிசலில் ஒருவரின் குழாயைத் தொட்ட கை இன்னொருவரின் குழாயைத் தொடுமோ, நோயாளி போகும் வீட்டில் கழிவறை எப்படி இருக்குமோ, திரும்பி வர வண்டி கிடைக்குமோ என்ற கவலை உங்களுக்கு உண்டு. அந்தக் கவலை நியாயமானது. அதற்கு மருந்தாக மாத்திரையைக் கூட்டினால் மிஞ்சுவது எதிர்ப்பு வளர்ந்த கிருமிதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளைப் பாருங்கள். நம் மருத்துவமனைகளில் எடுத்த ஈ.கோலை கிருமிகளில் பாதிக்கும் மேல் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அடங்குவதில்லை. நாட்டின் மருத்துவச் சங்கங்கள் ஒன்றுகூடி இந்த ஆபத்தைப் பற்றி 2012இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பெயரே சென்னைப் பிரகடனம். செஃபிக்சிம் போன்றவற்றை மருந்து விதிகளின் அட்டவணை எச்1இல் சேர்த்து, விற்பவர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி 2014 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கடையில் சீட்டில்லாமல் கொடுப்பதை நாம் கண்டிக்கும்போது, நம் கையால் எழுதும் சீட்டும் சரியாக இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் யாரும் அதிகம் பேசாதது. ஆன்டிபயாடிக்கே ரத்தக்கசிவைக் கொண்டுவரலாம். இதயத்தில் செயற்கை வால்வு வைத்து, ரத்தத்தை இளக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிடும் ஒருவருக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது கோட்ரைமாக்சசோல் சேர்த்தால் ரத்தம் உறையும் நேரம் நீண்டுவிடும். அந்த நேரத்தை அளக்கும் ஐ.என்.ஆர். சோதனை பார்க்காமல் இப்படி ஒரு வாரம் போனால் ஆறாத புண்ணிலிருந்து ரத்தம் கொட்டும். வீட்டார் அதற்கும் இன்னும் ஐந்து நாள் அதே மாத்திரையை வாங்கிக் கொடுப்பார்கள். சர்க்கரைக்கு கிளிமிப்பிரைடு சாப்பிடும் முதியவருக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரை சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் இதற்காகவே எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. புராஸ்டேட்டுக்கு வருகிறவர்களில் சர்க்கரையும் இதய மாத்திரையும் இல்லாதவர்கள் எத்தனை பேர்?

பஸ் செல்ஸ், அதாவது சிறுநீரில் தெரியும் சீழ் அணுக்கள், விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் முடிந்து சில வாரங்களுக்குச் சிறுநீரில் பஸ் செல்ஸ் தெரியத்தான் செய்யும். புண் ஆறும் வரை, சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட. இது தொற்று என்று அர்த்தமில்லை. ஆனால் ஊருக்குப் போனவர் எரிச்சல் என்று பக்கத்துக் கிளினிக்குக்குப் போவார், லேபில் 'பஸ் செல்ஸ் 20-25' என்று வரும், அடுத்த ஆன்டிபயாடிக் தொடங்கும். இரண்டு வாரம் கழித்து மறுபடி டெஸ்ட், மறுபடி அதே எண்ணிக்கை, அடுத்த மருந்து. சிலர் இப்படியே நாலைந்து வகை சாப்பிட்டு, வயிற்றுப்போக்கில் துவண்டு வருகிறார்கள். காய்ச்சல் இல்லாதபோது பஸ் செல்ஸுக்காக மட்டும் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டாம், சந்தேகம் இருந்தால் கல்ச்சர் பாருங்கள் என்று உங்கள் தாளில் ஒரு வரி எழுதினால், அந்தக் கிளினிக் மருத்துவருக்கும் அது கைகொடுக்கும்.

சரி, அந்தத் தாளில் என்ன எழுத வேண்டும் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். ரத்தக்கசிவு வரும் நாளைத் தேதி போட்டே எழுதுங்கள். 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிக்குள் சிறுநீர் சிவக்கலாம், பயப்பட வேண்டாம், தண்ணீர் குடித்துப் படுத்திருங்கள்' என்று. நிறத்தையும் அவர்கள் அறிந்த மொழியில் எழுதுங்கள். சிறுநீர் நன்னாரி சர்பத் மாதிரி தெளிவாக, கட்டியில்லாமல் போனால் காத்திருக்கலாம். அடர்த்தியாக, பின்னால் இருப்பது தெரியாத அளவுக்குச் சிவந்து, கட்டி விழுந்தாலோ, சில மணி நேரமாகச் சிறுநீர் வராமல் அடிவயிறு கனத்தாலோ இரவென்று பார்க்காமல் கிளம்ப வேண்டும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும், விதை வீங்கி வலித்தாலும் அப்படித்தான். வயதானவர்களுக்குத் தொற்று பரவும்போது காய்ச்சலே இல்லாமல் பேச்சு மட்டும் தடுமாறலாம். வீட்டார் அதைத் தூக்கக் கலக்கம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

தண்ணீர் பற்றி எழுதும்போது அவர்கள் ஏன் குடிப்பதில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கத்தீட்டர் எடுத்த புதிதில் கட்டுப்படாமல் சொட்டும். வேட்டி நனையும். மருமகள் முன்னால் வெட்கம். ராத்திரி கழிவறைக்குப் போக வாசல் தாண்ட வேண்டும். அதனால் மாலை நாலு மணிக்கே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். சிறுநீர் கெட்டியானால் எரிச்சலும் கட்டியும்தான் மிஞ்சும். சொட்டுவது பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும் என்று அவரிடம் நேரடியாகச் சொன்னால், அவர் குடிப்பார். பகலில் அதிகமாகவும் படுக்கப் போகும் முன் குறைவாகவும் குடிக்கச் சொல்லலாம். இதயம் பலவீனமானவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் எத்தனை லிட்டர் என்று நீங்களே அளந்து எழுதுங்கள். எல்லோருக்கும் மூன்று லிட்டர் என்று அச்சடித்தால் மூச்சுத் திணறலோடு ஒருவர் திரும்பி வருவார்.

மலமிளக்கியை டிஸ்சார்ஜில் எல்லோருக்கும் எழுதுங்கள். வலிக்குக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிச் சாப்பிட வேண்டாம் என்று எழுதுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை விஷயத்தில் 'மருத்துவரைக் கேட்டு' என்ற வார்த்தை போதாது. எந்த மருத்துவரை? ஆஸ்பிரின் நிறுத்தப்பட்டிருந்தால் எந்தத் தேதியில் திரும்பத் தொடங்க வேண்டும் என்று எழுத வேண்டும். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவரின் க்ளோபிடோக்ரல் மாத்திரை பற்றி இதய மருத்துவரிடம் நீங்கள் பேசி முடித்து எழுத வேண்டும். வீட்டில் பழைய அட்டை இருக்கிறதே என்று முதல் நாளே விழுங்குபவரும் உண்டு, ஆறு மாதமாகத் தொடங்காமலே இருந்து மாரடைப்போடு வருபவரும் உண்டு. இருவருக்கும் தேவைப்பட்டது ஒரே ஒரு தேதி.

இந்த இடத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீட்டு வாசலில் மாத்திரை கொடுக்க ஆட்கள் போகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டில் புராஸ்டேட் ஆபரேஷன் செய்து ஊர் திரும்பியவர்களின் பட்டியலும் அவர்கள் கையில் இருந்தால், பத்தாம் நாளில் ஒரு முறை எட்டிப் பார்த்து, சிறுநீர் எப்படிப் போகிறது, மலம் எப்படிப் போகிறது, காய்ச்சல் உண்டா, எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டுவிட்டு வரலாம். 104 எண்ணில் பேசுபவர்களுக்கும் இந்தக் கேள்விகளைச் சொல்லிக் கொடுக்கலாம். இரவு பத்து மணிக்குச் சிவப்பாக வந்ததைப் பார்த்துக் கை நடுங்கும் வீட்டுக்கு, மருந்துக் கடையைத் தவிர கேட்பதற்கு இன்னொரு இடம் வேண்டும்.

வேலைப்பளு எனக்குத் தெரியும். ஒரு நாளில் எத்தனை டிஸ்சார்ஜ், எத்தனை பேர் வாசலில் நிற்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து விளக்க உங்களுக்கு நேரமில்லை. அதனால் ஒரு முறை உட்கார்ந்து ஒரு பக்கத் தாளைத் தமிழில் தயாரித்துவிடுங்கள். தேதிகளுக்கும் மருந்துப் பெயர்களுக்கும் இடம் விட்டு அச்சடியுங்கள். நிரப்புவதையும் படித்துக் காட்டுவதையும் வார்டு செவிலியர் பார்த்துக்கொள்வார். நோயாளியோடு ஊருக்குப் போகப்போகிற ஆளிடம், அது மனைவியோ மகனோ, அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பார். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டுக்கு இது இன்னும் முக்கியம்.

தாளின் தமிழைச் சரிபார்க்கவோ, புதிதாகச் சேர்ந்த செவிலியர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று காட்டவோ ஆள் வேண்டுமென்றால், என்னைப் போல இந்த வார்டுகளில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறோம். கூப்பிடுங்கள், வந்து உட்காருகிறோம்.

அன்புடனும் மரியாதையுடனும்,
ஓய்வு பெற்ற சிறுநீரகவியல் வார்டு செவிலியர்